மாஸ்டர் லீவு

அண்ணாச்சி, இந்த அட்டையில இருந்து ரெண்டு மாத்திரையப் பிதுக்கித் தாங்களேன். எனக்கு விரலு சொன்னபடி கேக்க மாட்டேங்கு. அது இல்ல, அது காலையில வெறும் வயித்துல போடுறது. இந்தா, இது. பெருசா, வெள்ளையா, சாக்பீஸ ஒடச்ச மாதிரி இருக்கும்லா, அதுதான். தண்ணி எங்கிட்ட இருக்கு. நல்லா இருப்பிய.

ஒரு மணிக்குப் போட்டிருக்கணும். ரத்தம் குடுத்து, ரிசல்ட்டு வர்ற வரைக்கும் உக்காந்து, டாக்டரம்மாவப் பாத்து வெளிய வரையில மூணு மணி ஆயிட்டு. பஸ் ஸ்டாண்டுல பன்னும் பழமும் தின்னேன், மாத்திரையப் போட மறந்து ஓடி வந்து ஏறிட்டேன். லேட்டானா மொதல்ல உதட்டச் சுத்தித்தான் தெரியும். எறும்பு ஊருற மாதிரி. பொறவு விரல் நுனி. இப்ப போட்டாச்சுல்லா, கொஞ்ச நேரத்துல அடங்கிரும். நீங்க பயப்படாதிய.

சுகரா? இல்ல. பிரஷரும் இல்ல. கால்சியம். ஆமா, பொம்பளையாளுகளுக்குக் கொறையும்னு சொல்லுவாங்களே, அதேதான். எல்லாரும் கேட்ட ஒடனே இப்படித்தான் ஒரு பார்வ பாக்காங்க. எனக்குப் பழகிட்டு. அண்ணாச்சி எங்க போறிய? தென்காசியா. நான் ஆலங்குளத்துல இறங்கிருவேன்.

நான் அதிகம் பேசுற ஆள் இல்ல, பாத்துக்கிடுங்க. பரோட்டா மாஸ்டர். எட்டு வருஷமா ஒரே கடை. கல்லு முன்னால நிக்கவனுக்குப் பேச்சு எதுக்கு? கைதான் பேசணும். ஆலங்குளத்துல என் மச்சான் உச்சிமாகாளி கடைன்னா தெரியாதவன் கிடையாது. கடை அவன் பேருல. ஆனா கூட்டம் வந்தது என் கைக்கு. இத நானாச் சொல்லல, வாரவன் எல்லாம் சொன்னது.

மச்சான்னா எங்க வீட்டுல மாடத்தி இருக்காள்லா, அவ கூடப்பொறந்த அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஒண்ணாத்தான் திரிஞ்சோம். ஏலே வாலே போலேன்னுதான் பேச்சு. அவன் தங்கச்சிய நான் கட்டின அன்னைக்கு மணவறையில வச்சே மாத்திட்டான். 'மாப்ள வாரும், மாப்ள இரும்'னு. அன்னையில இருந்து இருவது வருஷம், ஒரு நாள் தவறினது இல்ல. மரியாதயில கொற சொல்ல மாட்டேன். மத்ததுலதான் கொற.

எனக்குக் கழுத்துல கட்டி வந்துச்சு. தைராய்டு. ரெண்டு பக்கமும் எலுமிச்சங்காய் கணக்கா வீங்கிட்டு. நான் தலையில கெடக்க துண்டக் கழுத்துல சுத்திக்கிட்டு வேலை பாத்தேன். மூச்சு வாங்குதுன்னு மாடத்தி சொன்னா. அவதான் சொன்னா, எனக்கு ஒண்ணும் தெரியல. படுத்தா விசில் சத்தம் வருதாம். பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. கெட்ட கட்டி இல்ல, ஆனா மூச்சுக் குழல நெருக்குது, ரெண்டு பக்கமும் மொத்தமா எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் மாசி மாசம் ஆப்ரேசன்.

கழுத்தக் கிழிக்கது கூட வலிக்கல அண்ணாச்சி. மறுநாள் டாக்டரம்மா வந்து கேக்காங்க, விரலு மதமதன்னு இருக்கா, உதடு மரத்த மாதிரி இருக்கா, கெண்டக்கால் இழுக்கான்னு. இருந்துச்சு. மூணும் இருந்துச்சு. நான் இல்லன்னுட்டேன். இருக்குன்னு சொன்னா வீட்டுக்கு விட மாட்டாங்கல்லா. பங்குனி உத்திரம் வருது, கடையில ஆள் தாங்காது. அதுக்காகச் சொன்ன பொய், வேற என்ன.

மாடத்தி பக்கத்துல நின்னவ, இல்லம்மா, காலையில இருந்து விரல ஒதறிக்கிட்டே இருக்காங்கன்னு போட்டுக் குடுத்துட்டா. ஒடனே நர்ஸ் வந்து பிரஷர் பாக்க பட்டையக் கையில கட்டி, காத்தடிச்சு அப்படியே வச்சிட்டு நிக்கி. ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். என் கை அதுபாட்டுக்குக் கூம்புது. பெருவிரலு உள்ள போகுது, மத்த நாலும் அது மேல வந்து கூடுது. ஒரு சிட்டிக உப்ப எடுத்துப் போடப் போற மாதிரி. நான் விரிக்கணும்னு பாக்கேன், விரிய மாட்டேங்கு. என் கை அண்ணாச்சி. நாளைக்கு எழுநூறு பரோட்டா வீசுற கை.

பொறவு குளுக்கோஸ் மாதிரி ஒண்ண மாட்டி, பக்கத்துல ஒரு மெஷின வச்சு, நெஞ்சுத் துடிப்பப் பாத்துக்கிட்டே மெதுவா ஏத்துனாங்க. ஏறையில ஒடம்பெல்லாம் சூடா இருக்கும். அடுப்பு முன்னால நிக்க மாதிரிதான். எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல.

டாக்டரம்மா வெவரமாத்தான் சொன்னாங்க. தைராய்டுக்குப் பின்னால நாலு சின்னச் சுரப்பி ஒட்டிக்கிட்டு இருக்காம். அரிசி மணி அளவுதான். அதுதான் ரத்தத்துல கால்சியத்தக் கூடாம கொறையாம பாத்துக்கிடுமாம். தைராய்ட எடுக்கையில எவ்வளவு பாத்து எடுத்தாலும் அதுக்கு அடி பட்டுப் போகுமாம் சில பேருக்கு. இப்ப அது தூங்குது, கொஞ்ச மாசத்துல முழிச்சிரலாம், முழிக்காமலும் போகலாம், முழிக்கிற வரைக்கும் மாத்திரைய விடக் கூடாது. அதத்தான் சொன்னாங்க. விடிஞ்ச ஒடனே தைராய்டு மாத்திரை. நாலு மணி நேரம் கழிச்சுத்தான் இந்த வெள்ள மாத்திரை, சாப்பாட்டோட, மூணு வேளை, வேளைக்கு ரெண்டு. அது போக ஒரு குட்டிக் குளிகை. எல்லாத்தையும் மாடத்தி ஒரு மஞ்சப் பையில போட்டு வச்சுக்கிட்டா.

நான் மாத்திரைய நிறுத்தல. எல்லாரும் நிறுத்தினேன் நிறுத்தினேன்னு சொல்லுதாங்க. நான் கொறச்சேன், அம்புட்டுதான். அது வயித்தக் கட்டிப் போடுது அண்ணாச்சி. காலையில போயி உக்காந்தா மணிக்கணக்கா ஆகுது. கடைக்கு வார ஒரு ஆள், தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு, வெவரமான மனுசன், இம்புட்டு கால்சியம் தின்னா கிட்னியில கல்லு வந்துரும்னு சொன்னாரு. பொறவு கடையில நாலு பேரு முன்னால மாஸ்டர் மாத்திரை அட்டைய எடுத்துப் பிதுக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு? அதனால மத்தியான மாத்திரைய விட்டேன். ஒண்ணும் ஆகல. பொறவு ராத்திரி மாத்திரை. அதுக்கும் ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கையில எதுக்கு மாத்திரைன்னு காலையில உள்ளதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினேன். வீட்டுல எடுத்துக் குடுப்பா, வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கிடுவேன்.

ஆனி மாசம் ஒரு சாயங்காலம், ஏழு மணி இருக்கும். நல்ல கூட்டம். மாவ எடுத்து ரெண்டு வீச்சு வீசியாச்சு. மூணாவது வீச்சுக்குக் கைய மேல தூக்கினேன், அப்படியே மாட்டிக்கிட்டு. ரெண்டு கையும். ஆஸ்பத்திரியில கூம்பின மாதிரியே. மாவு நழுவித் தரையில விழுந்துட்டு. கடையே பாக்கு. ஒருத்தன் செல்போன வேற எடுத்தான்.

மாகாளி கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்தான். குனிஞ்சு அந்த மாவ எடுத்து வாளியில போட்டுட்டு, "மாப்ள, நீரு கொஞ்ச நாள் கல்லாவுல இரும்" அப்படின்னான். எல்லாரும் பாக்கையில. எட்டு வருஷம் அண்ணாச்சி. ஒரே வார்த்தையில கல்லுல இருந்து இறக்கிட்டான்.

நான் போயி உக்காந்தேன். என்ன செய்ய.

இதுல ஒரு விசயம் கேளுங்க. அவனுக்கு முதுகுல டிஸ்க் வெலகி இருக்குன்னுதான் எட்டு வருஷத்துக்கு முன்னால என்னையக் கல்லுக்குக் கூப்பிட்டான். நின்னு வேலை பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இப்ப அந்த ஆளுதான் இடுப்புல பெல்ட்டக் கட்டிக்கிட்டு தெனமும் ஆறு மணி நேரம் கல்லு முன்னால நிக்கான். அப்ப என்ன அர்த்தம்? நிக்க முடியும்லா? எட்டு வருஷமா இடுப்பு வலி இடுப்பு வலின்னு என்னைய நிக்க வச்சிருக்கான்லா? நான் இத மாடத்திகிட்டச் சொன்னேன். அவ எம் மூஞ்சிய ஒரு மாதிரி பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அண்ணனச் சொன்னா அவளுக்குப் பொறுக்காது.

வேற மாஸ்டர் ஒருத்தன வச்சிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். சங்கரன்கோயில்ல இருந்து ஒரு நல்ல வேலைக்காரன் வந்து கேட்டான். எங் கண்ணு முன்னாலதான் கேட்டான். எடம் காலி இல்லன்னு அனுப்பிட்டான் மாகாளி. எடம் காலியாத்தான இருக்கு? இவன் போடுற பரோட்டா தோலு மாதிரி வருது. பிச்சா பிய மாட்டேங்கு. வாரவன்லாம், என்ன மாகாளி, பழைய பரோட்டா இல்லையேன்னு கேக்கான். அதுக்கு இவன் சொல்லுவான், 'மாஸ்டர் லீவுல இருக்காரு, வந்துருவாரு'ன்னு. நான் பக்கத்துல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. என்னைய வச்சுக்கிட்டே லீவுங்கான். ஏழு மாசம், தெனமும், வாரவன் போறவன்கிட்ட எல்லாம். மாஸ்டர் லீவு, மாஸ்டர் லீவு. நான் கல்லாவுல உக்காந்து அத எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எண்ணி முடியாது. அசிங்கமா இருக்காதா?

கூட வேற ஒண்ணு. மத்தியானம் ஆச்சுன்னா ரெண்டு தட்டப் போட்டுக்கிட்டு வந்து எதுத்தாப்புல உக்காந்துருவான். 'ஒண்ணாச் சாப்பிடுவோம் மாப்ள.' முன்னால எல்லாம் அப்படிக் கிடையாது, அவன் அவன் வீட்டுல, நான் என் வீட்டுல. சோத்தத் தின்னுட்டு, மாத்திரைய எடும்பான். நான் வாயில போடுத வரைக்கும் கை கழுவ மாட்டான். இது கடையா ஜெயிலான்னு எனக்கே தெரியல. நான் மாத்திரையக் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சுக்கிட்டுப் போயி வாய் கொப்புளிக்கையில துப்பிருவேன்.

இது எதுக்குன்னு பொறவுதான் தெரிஞ்சுச்சு. மாடத்தி துணி தொவைக்கையில என் சட்டப் பையெல்லாம் வெள்ளையா மாவா இருந்திருக்கு. என்னன்னு கேட்டா. மைதான்னேன். பரோட்டா மாஸ்டர் சட்டையில மைதா இல்லாம என்ன இருக்கும்? ஆனா அவ நாக்குல வச்சுப் பாத்திருக்கா. மைதா அப்படியா இருக்கும்? நேரா அண்ணன்கிட்டப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த சண்ட போட்டிருந்தா தேவல. ரெண்டு பேரும் சேந்து எனக்குப் பின்னால பேசியிருக்காங்க, பாருங்க.

ரத்தம் பாக்கப் போகையில மட்டும் நாலு நாள் முன்னாலயே ஒழுங்காப் போட்டுருவேன். ரிசல்ட்டு நல்லா இருக்கும். டாக்டரம்மாவுக்கே கொழப்பம். ரத்தம் நல்லா இருக்கு, பொறவு ஏன் கை இழுக்குன்னு கேப்பாங்க. நான் தெரியலன்னுருவேன்.

இந்தத் தை மாசம் எனக்கு மனசு விட்டுப் போச்சு. ராஜபாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹோட்டல்காரர், மாஸ்டர் வேணும், வாரியாய்யான்னு கேட்டு விட்டாரு. பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாள்தான் ஆயிருக்கு, ஒடம்பு நல்லா இருந்துச்சு. மாடத்திகிட்ட, சேக்காளி வீட்டுல விசேசம்னு சொல்லிட்டு மொத பஸ்ஸுக்குப் போயிட்டேன். மஞ்சப் பைய எடுக்கல. மறந்து இல்ல. புது எடத்துல போயி மாத்திரைப் பையோட நின்னா எவன் சேப்பான்?

மொத நாள் எப்படி இருந்துச்சு தெரியுமா. கை பறக்கு. வீசின மாவுக்குள்ள அந்தப் பக்கம் நிக்க ஆளு தெரியும், அம்புட்டு மெலிசு. அடிச்சு உதுத்தா ஏடு ஏடா வருது. ஹோட்டல்காரர் வந்து நின்னு பாத்துட்டுப் போறாரு. ஏழு மாசம் கழிச்சு நான் மனுசன் ஆனேன் அண்ணாச்சி. மாகாளிகிட்ட இருந்து போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. எடுக்கல. ரெண்டாம் நாளும் நல்லாத்தான் போச்சு. ராத்திரி படுக்கையில கெண்டக்கால் மட்டும் பிடிச்சு இழுத்துச்சு. நின்ன வலின்னு இருந்துட்டேன்.

மூணாம் நாள் மத்தியானம். காலையில இருந்தே உதடு ஊருது. மூச்சு சரியா எடுக்க முடியல. காரணம் இல்லாம ஒரு பயம், நெஞ்சு படபடன்னு. கல்லுல பன்னெண்டு பரோட்டா கெடக்கு, திருப்பிப் போடணும். கரண்டிய எடுக்கேன், கை கூம்பிட்டு. கரண்டி விழுந்துட்டு. அத எட்டி எடுக்கப் போனேன். அம்புட்டுதான் தெரியும்.

இந்தா, இது அங்க பட்ட சூடுதான். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும். கல்லு மேல கை கெடந்திருக்கு. வலிப்பு வந்து அப்படியே சாஞ்சிருக்கேன். பக்கத்துல நின்னவன் இழுத்துப் போட்டிருக்கான். முழுசா விழுந்திருந்தா மூஞ்சி போயிருக்கும்.

பொறவு நடந்தது நர்ஸ் பிள்ளையும் மாடத்தியும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹோட்டல் ஆளுக ஆஸ்பத்திரியில கொண்டு போட்டுட்டு, வலிப்பு நோய்க்காரன் போலன்னு சொல்லியிருக்காங்க. வலிப்புக்கு ஊசி போட்டு, கைக்கு மருந்து போட்டு வச்சிருக்காங்க. எங் கழுத்துல துண்டு சுத்தியிருந்துச்சு. தழும்பு தெரியக் கூடாதுன்னு நான் எப்பவும் சுத்தியிருப்பேன். அதனால அவங்களுக்கும் தெரியல. எம் போன்ல கடைசியா வந்த நம்பருக்கு ஹோட்டல்காரர் போட்டிருக்காரு. அது மாகாளி.

அவன் கடையப் பூட்டிட்டு பஸ் ஏறியிருக்கான். ஆலங்குளத்துல இருந்து தென்காசி, தென்காசியில இருந்து ராஜபாளையம். நின்னுக்கிட்டே வந்திருக்கான். எடம் இருந்தும் உக்காரல. பஸ் குலுக்கல்ல உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்லா அவனுக்கு. வந்தவன் நேரா எங்கிட்ட வந்து கழுத்துல உள்ள துண்ட உருவிட்டான். உருவி அந்த டாக்டர்கிட்ட, நர்ஸ் பிள்ளைககிட்ட, வார்டுல உள்ளவன்கிட்ட எல்லாம் தழும்பக் காமிச்சிருக்கான். ஒரு வருஷமா நான் ஒருத்தனுக்குக் காமிக்கல அண்ணாச்சி. தைராய்டு எடுத்தாச்சு, கால்சியம் எறங்கியிருக்கும், பாருங்கன்னு சொல்லியிருக்கான். என்ன மாத்திரை, எத்தன மில்லி, எத்தன வேளை, கடைசியா ரத்தத்துல எவ்வளவு இருந்துச்சு, எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சிருக்கான். அஞ்சாங் கிளாஸ்ல வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாம அடி வாங்குனவன். என் மாத்திரப் பேரு இவனுக்கு எதுக்கு? அம்புட்டுத் தூரத்துக்கு என்னைய வேவு பாத்திருக்கான்.

ரத்தம் பாத்திருக்காங்க. அஞ்சே முக்கால்தான் இருந்துச்சாம். எட்டரைக்கு மேல இருக்கணும். ஒடனே பாளையங்கோட்டையில ஏத்துன அந்தச் சூடு மருந்த ஏத்தியிருக்காங்க.

நான் கண்ண முழிச்சுப் பாக்கையில மாகாளி கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். சட்டையெல்லாம் வேர்வை. நான் அவனப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இவன் எதுக்கு வந்தான்னு இருந்துச்சு. அப்ப சொல்லுதான்,

"ஏலே கொம்பையா, செத்திருப்பலே."

அப்படித்தான் சொன்னான். இருவது வருஷம் கழிச்சு. தங்கச்சி புருசன், மாப்பிள்ளைன்னு மரியாத இல்லாம, நர்ஸ் பிள்ளைக நிக்கையில, ஏலேன்னு கூப்பிடுதான். கம்பிய விடாம அப்படியே நின்னுக்கிட்டு அழுதான். எனக்கு எவ்வளவு கூச்சமா இருந்துச்சு தெரியுமா. ஆம்பளையாளு அழுதா வார்டே பாக்கும்லா. போதும் மச்சான், போதும்னேன். அவன் கேக்கல.

மாடத்தி மறுநாள் வந்தா. அவ அழல. எங் கட்டில்ல உக்காந்து சொன்னா, "இனிமே நீங்க எனக்காகப் போட வேண்டாம். எங்க அண்ணனுக்காகவும் போட வேண்டாம். போட வேண்டாம்னு தோணிச்சுன்னா எங்கிட்ட நேரே சொல்லிருங்க. நான் எங் கழுத்துல கெடக்கதக் கழத்தி வச்சிட்டு இருந்துக்கிடுதேன்." சத்தம் போட்டு இல்ல. சோறு வேணுமான்னு கேக்க மாதிரிதான் கேட்டா.

அதுக்குப் பொறவு நான் விடல. அவ சொன்னதுக்காக இல்ல. எனக்கே தோணிச்சு. மனுசனுக்கு எப்பவாவது புத்தி வரும்லா, அப்படித்தான். மூணு வேளை, வேளைக்கு ரெண்டு. வயிறு கட்டுனா கட்டட்டும்னு கொய்யாப்பழம் தின்னுக்கிடுதேன். டாக்டரம்மாகிட்டயும் உள்ளதச் சொல்லிட்டேன். திட்டல. தண்ணி நெறைய குடிங்க, கிட்னியில கல்லு வருதா வரலையான்னு நான் பாத்துக்கிடுதேன், அது எங் கவலைன்னுட்டாங்க. மூணு மாசம் அளவு சரியா நின்னாத்தான் கல்லு முன்னால போகலாம்னு சொன்னாங்க. கல்லாவுலயே உக்காந்தேன். மாகாளியும் அதே பாட்டுதான், மாஸ்டர் லீவு, மாஸ்டர் லீவு.

சித்திர கடைசியில ரத்தம் சரியா வந்துச்சு. அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி கல்லுக்கு வாரும் மாப்ளன்னான். ஏலே எல்லாம் ராஜபாளையத்தோட போச்சு, பழையபடி வாரும் போரும்தான். ஆனா ஒண்ணாந் தேதிக்கு நாலு நாள் இருக்கையில மைதா மூட்டைய நகத்தப் போயி அப்படியே குனிஞ்சவன் நிமிரல. கல்லுக்கு நான் வாரேன்னு கடைய ஒழுங்கு பண்ணுதானாம். யாரு பண்ணச் சொன்னா? ஆட்டோவுல படுக்க வச்சுத்தான் கொண்டு போனோம். ஆப்ரேசன் வேண்டாம், மூணு மாசம் படுத்தே கெடக்கணும்னுட்டாங்க.

இப்ப நான்தான் கல்லு. கல்லாவுல மாடத்தி. ரெண்டு மாசம் ஆச்சு. பழைய கூட்டம் திரும்ப வந்துட்டு. எல்லா வேலையும் எந் தலையில, அவன் சொகமாப் படுத்துக் கெடக்கான். நான் அவன் மேல உள்ள கோவத்த விடலன்னு மாடத்தி சொல்லுவா. எப்படி விட முடியும்? ஏழு மாசம் அண்ணாச்சி. நேரா எங்கிட்ட ஒரு வார்த்த, மாப்ள, ஒமக்கு எடம் இருக்கு, நீரு வந்துருவீருன்னு சொல்லியிருந்தா நான் எதுக்கு ராஜபாளையம் போறேன்? ஊரெல்லாம் சொன்னான், எங்கிட்டச் சொன்னானா?

இன்னைக்கு ரிசல்ட்டா? எட்டு புள்ளி ரெண்டு. இது போதுமாம். ரொம்ப ஏத்தினா கிட்னிக்கு ஆகாதாம், இந்த அளவுலயே வச்சுக்கிடுவோம்னாங்க. பொறவு அந்தச் சுரப்பி விசயமும் சொன்னாங்க. ஒன்றர வருஷம் ஆகப் போகுது. அதுக்குன்னு தனியா ஒரு ரத்தம் பாக்காங்க. அதுல ஒண்ணுமே இல்லையாம். இனிமே முழிக்காதுய்யா, கடைசி வரைக்கும் மாத்திரைதான், பழகிக்கிடுங்கன்னாங்க. சரின்னேன். வெளிய வந்து பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அதான் மாத்திரையும் மறந்துட்டு.

மாடத்திகிட்ட இன்னைக்கே சொல்லிருவேன். அவ தாங்கிக்கிடுவா. மாகாளிகிட்டத்தான் என்ன சொல்லன்னு தெரியல. ஒவ்வொரு தடவயும் நான் போயிட்டு வந்த ஒடனே, படுத்த வாக்குல தலைய மட்டும் திருப்பி, முழிச்சிட்டாமா மாப்ளன்னு கேப்பான். பச்சப்பிள்ளயப் பத்திக் கேக்க மாதிரி. அவனுக்கு அது முழிச்சிரும்னே நெனப்பு. நான் இன்னும் இல்லயாம், பாப்போம்னு சொல்லிருக்காங்கன்னு சொல்லப் போறேன். பாசம் கீசம்னு நெனச்சுக்கிடாதிய. படுத்துக் கெடக்கவன்கிட்டப் போயி இத எதுக்குச் சொல்ல. எந்திரிச்சு நடமாடட்டும், பொறவு பாத்துக்கிடலாம்.

அந்தா ஆலங்குளம் வந்துட்டு. கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. நேரா அவன் வீட்டுக்குத்தான் போகணும். சாயங்காலம் இடுப்புல எண்ணெய் போட்டு ஒரு அர மணி நேரம் நீவி விடச் சொல்லிருக்காங்க. அவன் பொண்டாட்டி நீவுனா அழுத்தம் பத்த மாட்டேங்காம் அவனுக்கு. மாவு பிசைஞ்ச கைதான் வேணுமாம். கேட்டியளா, என்ன அதிகாரம்னு. வாரேன் அண்ணாச்சி, கொஞ்சம் காலத் திருப்பி வழி விடுங்க, எறங்கிக்கிடுதேன்.